முதல் கிட்டார்: அகூஸ்டிக்கா, எலக்ட்ரிக்கா?

“முதல்ல அகூஸ்டிக் வாங்கு, விரல் பழகட்டும்.” கிட்டார் கத்துக்க ஆசைப்படும் யாருக்கும் கிடைக்கும் முதல் அட்வைஸ் இதுதான். சிறுசேரியில் வேலை முடித்து, ராத்திரி 9 மணிக்குச் செங்கல்பட்டு வாடகை வீட்டுக்குத் திரும்புபவருக்கு இது சரிப்படாது.

அகூஸ்டிக்கின் மெல்லிய கம்பியே பெரும்பாலும் 0.012 அங்குலத் தடிமன். எலக்ட்ரிக்கில் 0.009 அல்லது 0.010. அற்ப வித்தியாசம்தான், எஃப் கார்டு பிடிக்கும்போது விரலுக்குத் தெரியும். சில வாரங்களிலேயே பலர் கிட்டாரைப் பரணில் ஏற்றிவிட அந்த வலியும் ஒரு காரணம். எலக்ட்ரிக் என்றால் ஹெட்போனில் நள்ளிரவிலும் பழகலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை வாசிக்கத்தான் கிட்டாரே வாங்குகிறார் என்றால், அவர் அகூஸ்டிக்கே வாங்கட்டும். அந்த ஒலி எலக்ட்ரிக்கில் வராது. ஆசை இருந்தால் விரல் வலி தாங்கும்.

எதை வாங்கினாலும், கோவளம், மாமல்லபுரம் பக்கம் குடியிருப்பவருக்கு உப்புக்காத்துதான் எதிரி. எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கோட்டிங் போட்ட கம்பி விலை கூடுதல், ஆனால் நாள் தாங்கும். கிட்டாரைச் சுவரில் மாட்டுவது ரீல்ஸுக்கு அழகு, கம்பிக்கு ஆகாது.