உப்பைக் குறைத்தால் போதுமா?

வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு வாத்தியாருடன் போன ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலை முழுவதும் அலைந்தேன். மூன்று வீடுகளில், சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்வி: "சொந்த ஊர் எது? ஊரிலே எந்தத் தெரு?" அவர் தெருவைச் சொன்னார். மூன்று வீடுகளும் அந்த க்ஷணமே வேறு யாருக்கோ பேசி முடிந்துவிட்டன. என்னிடம் யாரும் தெருவைக் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மலையடிவாரத்தில் உட்கார்ந்தோம். மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது இந்த ஊர்க் கதை. "அவருக்கு ஆறு மாதத்தில் வடிந்துவிட்டது, சார்" என்றார் வாத்தியார். இவருக்கு இருபது வருஷ சர்வீஸ்.

ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நல்ல யோசனைதான். ஆனால் ஆசிரியர் அறையில் இவர் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று நோட்டுத் திருத்தும் அவசரம் வந்துவிடுகிறதே, அதற்கு என்ன மாத்திரை? இவர் வகுப்பில் நாலு பையன்கள் பெயிலானால் 'கோட்டாவில் வந்த வாத்தியார்'. பக்கத்து வகுப்பில் எட்டுப் பேர் பெயிலானால் பையன்கள் மக்கு!

"அதெல்லாம் கிராமத்து விவகாரம், பட்டணத்தில் ஜாதி ஏது?" என்று கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பம்பாய் பட்டணமில்லையா? கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், 1918ல் அங்கே சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர்களின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று ஆட்சேபித்தவர்கள் பாமரர்களா? சக பேராசிரியர்கள்! அவ்வளவு தூரம் ஏன்? திருநீர்மலைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பரங்கிமலையில் 1883ல் பிறந்தவர் எம். சி. ராஜா. பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, 1920லேயே சென்னைச் சட்டசபைக்குள் போனவர். அவர் பிறந்த வட்டாரத்தில்தான் இன்றைக்கும் தெருவை விசாரிக்கிறோம்.

அமெரிக்காவில், கறுப்பர், வெள்ளையர் என்று பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என 1954ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பிறகு பள்ளிகள் ஒன்றாகத் தொடங்கியதும் கறுப்பு ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். வெள்ளைப் பிள்ளைக்குக் கறுப்பரா பாடம் சொல்வது என்ற முகச்சுளிப்பு. அதைப் படித்து உச்சுக்கொட்டுகிறோம் நாம்!

2023ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, ஒரு வட்டாரத்தில் எந்த ஜாதி மிகுதியோ அந்த ஜாதிக்காரரை அங்கே தலைமை ஆசிரியராகப் போட வேண்டாம் என்று 2024ல் சொன்னது. உடனே கூச்சல். பள்ளிக்கூடத்தில் ஜாதியைப் புகுத்துகிறார்களாம்! அரிவாள் பட்டால் கேஸ் எழுதலாம். காலி செய்துவிட்டுப் போன நாற்காலியை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொள்வார்கள்?

வாத்தியாருக்குக் கடைசியில் அனகாபுத்தூரில் வீடு கிடைத்தது. "ஒன்றாந்தேதி வாடகை வந்துவிடுமா?" என்று மட்டும் கேட்டாராம் வீட்டுக்காரர். "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு சுகமாயிருந்தது தெரியுமா, சார்!" என்றார்.

மத்தியானச் சாப்பாடு மட்டும் இன்னும் லைப்ரரியில்தான்.