நோயாளியின் இரவை யார் விசாரிப்பது?

மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லும் ஒரு நோயாளியின் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். இரத்த அழுத்தம், சீனியின் அளவு, உடல் நிறை, கொடுக்கப்பட்ட குளிசைகளின் பெயர்கள் யாவும் திகதியிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். அந்நோயாளி இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்கின்றார் என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்பட்டிராது. வைத்தியர் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. "வருத்தக்காரருக்கு நித்திரை வராதுதானே" என்று வீட்டாரும் அதனை விதியாக ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். இந்த மௌனம் கலைக்கப்பட வேண்டும் என்பதும், அதற்குப் பெரும் பணம் எதுவும் தேவையில்லை என்பதுமே எமது கருத்தாகும்.

நீண்டகால நோய்களுடன் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் இதனைக் கிராமத்து வாசகர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இவ்விரு பகுதிகளிலுமுள்ள லொட்ஜுகளிலும் உறவினர் வீடுகளிலும், வடக்கு, கிழக்கு, மலையகக் கிராமங்களிலிருந்து வைத்தியத்துக்காக வருபவர்கள் காலங்காலமாகத் தங்கி வருகின்றனர். இரவு பஸ்ஸில் இருந்தபடியே விடியும்வரை பயணம் செய்து, வெள்ளவத்தையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு நேரே கிளினிக் வரிசைக்குப் போகின்றவர்களை நாம் காண்கின்றோம். இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் சுமார் எட்டுக்குத் தொற்றா நோய்களே காரணம் என உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. எனவே நித்திரையின்மை நகரத்தாரின் சொகுசுப் பிரச்சினை அன்று. நீண்டகால நோய் புகுந்த எந்த வீட்டிலும் அதுவும் கூடவே புகுந்து விடுகின்றது.

ஓரிரு இரவுகள் நித்திரை வராதிருப்பது நோயல்ல. படுக்க இடமும் நேரமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்கு மேலாக நித்திரை வராமலோ இடையில் குழம்பியோ போய், அதனால் பகற்பொழுதும் பாதிக்கப்படுமாயின், அதனை நாட்பட்ட நித்திரையின்மை என மருத்துவம் வகுத்துள்ளது. முன்னர் இதனைப் பிரதான நோயின் ஒரு வால் என்றே கருதினர். நோய் மாறினால் நித்திரை தானே வரும் என்றனர். மாறாத நோயை வைத்திருப்பவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கு விடை இல்லை. 2005 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு இக்கருத்தைத் திருத்தியது. நித்திரையின்மையை மற்றைய நோயோடு சேர்ந்து நிற்கும் ஒன்றாகக் கொண்டு, அதற்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற நோக்கு அதன்பின் வலுப்பெற்றது.

நித்திரை கெடுவதால் நோயும் கெடுகின்றது. 1999 இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டுமே படுக்க விட்டனர். அந்தச் சில நாட்களிலேயே அவர்களது உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்து போயிற்று. நோயற்ற இளைஞரின் நிலையே இதுவெனில், சலரோகக்காரரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

காரணத்தைத் தேடுவோம்

நீண்டகால நோயாளியின் நித்திரையைக் கெடுப்பவை பலவாகும். சீனி கட்டுப்படாதவர் இரவில் நாலைந்து தடவை சலம் போக எழும்புகின்றார். அவரது உள்ளங்கால் எரிவும் இரவிலேயே கூடுகின்றது. இன்சுலின் ஏற்றுபவர் நடுச்சாமத்தில் வியர்த்து, கெட்ட கனவுடன் விழித்தால், சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்கக்கூடும். அது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. படுத்தவுடன் மூச்சு முட்டி, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்து இரவைக் கழிப்பவரின் இருதயம் வைத்தியரின் கவனத்தை வேண்டி நிற்கின்றது. சிறுநீரக நோயுள்ளவர்களுக்கும் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கும், படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற ஓர் அந்தரம் ஏற்படுவதுண்டு. பெருங்குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி விழிப்பவருக்கு இருப்பது வேறொரு நோய். நித்திரைக் குளிசை அதனை மேலும் மோசமாக்கலாம்.

சில வேளைகளில் காரணம் மருந்துப் பையிலேயே இருக்கின்றது. சலம் போகச் செய்யும் குளிசையைப் பின்னேரத்தில் விழுங்கினால் இரவு முழுவதும் நடக்க வேண்டியதுதான். பிரட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசைகளும், முட்டு வருத்தத்துக்குக் கொடுக்கப்படும் தியோபிலினும் நித்திரையைக் குழப்பக்கூடியவை. இவற்றை நாமாகவே நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. "இந்தக் குளிசையைக் காலையில் எடுக்கலாமா?" என்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்கலாம். அக்கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கும் எமது வழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். குடித்த தேநீரிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணித்தியாலம் செல்லும்.

இலகுவான குளிசை

காரணத்தைத் தேட நேரமில்லாத இடத்தில் குளிசை வந்து அமர்ந்து கொள்கின்றது. 1963 இல் சந்தைக்கு வந்த டயசிபாமும் அதன் இனத்தைச் சேர்ந்த ஏனையவையும் குறுகிய கால நெருக்கடிக்கு உதவும் மருந்துகளே. இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்று பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988 இலேயே அறிவுறுத்தியது. நாட்செல்ல உடல் அதற்குப் பழகிவிடும், முதியவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்வர், ஞாபகமும் மங்கும். இருந்தும் வைத்தியரின் துண்டின்றி விற்கக்கூடாத இக்குளிசைகளை, முன்பு எழுதிய பழைய துண்டைக் காட்டியோ, அயலவரிடம் கடனாகவோ பெற்று ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் எம்மத்தியில் இருக்கின்றனர். அவ்வாறு பழகியவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவராக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்து நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டவர். தேவையற்ற மருந்தை ஏழையின் தலையில் கட்டக்கூடாது என்பது அந்த நோக்கின் மறுபாதியாகும். நித்திரைக் குளிசை விடயத்தில் அந்த மறுபாதியை நாம் மறந்து விட்டோம்.

அச்சமும் ஒரு காரணம்

உடலை மட்டும் பார்த்தால் எமது பகுதிகளின் இரவுகளை விளங்கிக்கொள்ள முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். 376 பேர் என அப்போது அறிவிக்கப்பட்டது. வைத்தியத்துக்காக வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் கதவு தட்டப்படும் ஓசைக்கு விழிக்கப் பழகிய உடல், சட்டம் மாறியதும் உடனே மாறிவிடுவதில்லை. அக்காலத்தைக் கடந்து வந்த முதியவர்கள் சிலர் இன்றும் மூன்று மணிக்கு விழித்துக் கொள்கின்றனர்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, மின்விசிறி நின்ற அறைகளில் நோயாளிகள் பட்ட பாடு ஒருபுறம். நாளைக்கு மருந்து கிடைக்குமா என்ற ஏக்கம் மறுபுறம். அத்தகைய ஏக்கத்துக்கு டயசிபாம் மருந்தாகாது. எதை எண்ணி விழித்திருக்கின்றார் என்று நோயாளியிடம் ஒருவர் அமர்ந்து கேட்பதே அங்கு முதற் சிகிச்சை. நோயாளியோடு விழித்திருக்கும் மனைவியையும் மகளையும் கூட அவ்வாறே கேட்க வேண்டும்.

குளிசையில்லா வழி

நாட்பட்ட நித்திரையின்மைக்கு, மருந்துக்கு முன்னர் சிந்தனையையும் பழக்கத்தையும் சீர்செய்யும் சிகிச்சையையே கொடுக்க வேண்டுமென அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இல் பரிந்துரைத்தது. அதன் அடிப்படை எளிது. எத்தனை மணிக்கு நித்திரை வந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். நித்திரை வந்த பின்னரே படுக்கைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ இருபது நிமிடமாகியும் நித்திரை வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்து, கண் சொருகும்போது திரும்பிப் படுக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்க்கலாகாது. படுக்கையைக் கவலைப்படும் இடமாக மனம் பழகிக்கொள்வதைத் தடுப்பதே இதன் நோக்கம். உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972 இல் வகுத்த முறை இது. படுக்கும் நேரத்தைக் குறைத்து நித்திரையை ஆழமாக்கும் முறையும் உண்டு. ஆனால் வலிப்பு நோயுள்ளவர்கள் அதனை வைத்திய ஆலோசனையின்றிச் செய்யக்கூடாது.

புத்தகத்தில் உள்ளதை அப்படியே எமது வீடுகளுக்குக் கொண்டுவர முடியாது என்பதும் உண்மையே. கொழும்பில் 'தோட்டம்' என அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளில், ஒரே அறையில் ஐந்தாறு பேர் பாய் விரித்துப் படுக்கின்றனர். அங்கே "வேறு அறைக்குப் போங்கள்" என்பது கேலியாகும். ஆனால் பாயைச் சுருட்டி வைத்து, வாசற்படியிலோ கதிரையிலோ நிமிர்ந்து அமரலாம். பகலில் அதே பாயில் படுத்திராமல் இருக்கலாம். இயன்றவரை செய்தாலும் பயன் உண்டு.

கேட்க வேண்டியவை

"மருந்தே தட்டுப்பாடாகும் நாட்டில், நூறு பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியர் நித்திரையையும் விசாரிப்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் காரணத்தைக் கேட்காமல் எழுதப்படும் குளிசைக்கும், நித்திரை கெட்டு ஏறும் சீனிக்கும், இடுப்பெலும்பு முறிந்தவரின் கட்டிலுக்கும் ஆகும் செலவு ஒரு கேள்வியின் செலவை விட மிக அதிகம். அக்கேள்வியை வைத்தியரே கேட்க வேண்டும் என்பதுமில்லை. நிறை பார்க்கும் தாதியே "வாரத்தில் எத்தனை இரவு நித்திரை வரவில்லை?" என்று கேட்டுக் கொப்பியில் ஓர் இலக்கம் எழுதலாம்.

இரண்டாவதாக, இலக்கம் எடுப்பதற்காக நோயாளிகளை விடியுமுன் வரிசையில் நிற்க வைக்கும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் மாற வேண்டும். நேரம் குறித்துக் கொடுத்தால், தூர இடங்களிலிருந்து வருபவர்களுக்கு ஓர் இரவேனும் மிஞ்சும்.

மூன்றாவது எமது கையில் உள்ளது. ஏழு நாட்களுக்கு, படுத்த நேரம், விழித்த தடவைகள், எழுந்த நேரம், குளிசை விழுங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வோம். எழுதத் தெரியாதவருக்குப் பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். வாழ்க்கையே வெறுத்துப் போகும் அளவுக்கு இரவுகள் பாரமாகின்றவர்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

எமது கிராமங்களில் மரணாதாரச் சங்கங்கள் உள்ளன. ஒருவர் இறந்ததும் பந்தல் போட்டு, இரவிரவாக விழித்திருந்து துணை நிற்கும் நல்ல வழக்கம் எம்மிடம் உண்டு. உயிரோடு இருந்து விழித்திருப்பவர்களின் வீட்டுக்கும் அதே சங்கத்தார் ஒரு பின்னேரம் சென்று, "இரவில் நித்திரை வருகின்றதா?" என்று கேட்கலாம். வரவில்லை என்றால், அடுத்த கிளினிக்குக்கு அவரோடு கூடச் செல்ல ஒருவரை ஒழுங்கு செய்யலாம்.