சிறு மின் அமைப்புக்கு எது சோதனை?

பீகாரில் ஜெஹானாபாத் மாவட்டத்துத் தர்னாய் கிராமத்தில் 2014 ஜூலையில் 100 கிலோவாட் சூரிய மின் அமைப்பு ஒன்றை கிரீன்பீஸ் இயக்கத்தினர் தொடங்கிவைத்தனர். முப்பது ஆண்டுகளாக இருளில் கிடந்த ஊர் அது. ஆனால் பிரிட்ஜ், ரைஸ் குக்கர் கூடாது என்பது நிபந்தனை. கம்பி வீட்டுக்குள் வந்தபின் நிபந்தனையை யார் கேட்பார்கள்? பாட்டரிகள் விரைவில் காலியாயின. அடுத்த மாதமே, அங்கு வந்த திரு. நிதீஷ் குமாரிடம் "அசல் மின்சாரம்" வேண்டுமென ஊரார் முறையிட்டனர். சில நாட்களில் டிரான்ஸ்பார்மர் வந்திறங்கியது. சூரிய அமைப்பு பிற்பாடு நின்றே போயிற்று.

பொது மின்சாரத்தின் விலை குறைவு என்பதே காரணமெனச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மக்கள் சொன்ன "அசல்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும்.

பம்ப்செட் மோட்டார் கிளம்பும் நேரத்தில் வழக்கத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். பெரிய மின் தொகுப்பில் விளக்கு சற்று மங்கும், அவ்வளவே. சிறு அமைப்பிலோ இன்வர்ட்டரே மின் நிலையம். அத்தனை கரண்ட் அதனால் தர இயலாது. வோல்டேஜ் சரியும், அல்லது இன்வர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். போதாததற்கு, மலிவான எல்.இ.டி. பல்புகளும் சார்ஜர்களும் மின் அலையின் வடிவத்தையே கெடுக்கின்றன.

ஆகவே எத்தனை கிலோவாட் என்று பார்ப்பது மட்டும் சோதனையாகாது. 230 வோல்ட்டை வேண்டுமென்றே தாழ்த்தியும், 50 சைக்கிளை ஏற்றி இறக்கியும், கெட்ட அலையைக் கொடுத்தும் அமைப்பைத் தடுமாறவிட்டுப் பார்க்கும் கருவிகள் உள்ளன. இத்தகைய அமைப்புகளின் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிப்பதற்கென்றே ஐ.இ.இ.இ. 2030.8 என்ற விதிமுறை 2018இல் வந்துவிட்டது. மின் சாதனங்களைச் சோதிக்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிலையம் 1960 முதல் பெங்களூரிலேயே இயங்குகிறது.

எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் எட்டிவிட்டதாக 2018 ஏப்ரலில் அரசு அறிவித்தது. எனவே சிறு அமைப்புகள் இனிப் பெரும்பாலும் பொது லைனின் அருகிலேயே வாழவேண்டும். அதில் கோளாறு நேர்ந்தால் உடனே விலகவும், சீரானதும் மீண்டும் சேரவும் தெரியவேண்டும். இது கிராமத்துக் கதை மட்டுமல்ல. பெங்களூர் அடுக்குமாடிகளில் மாடியில் சூரியத் தகடு, கீழே டீசல் ஜெனரேட்டர், நடுவே லிப்ட் மோட்டார். விற்க வருபவரிடம் குடியிருப்போர் சங்கம் கிலோவாட் கணக்கோடு நில்லாமல், கரண்ட் போன நேரத்தில் லிப்டையும் தண்ணீர் பம்பையும் ஒருசேர ஓட்டிக் காட்டச் சொல்லலாம்.