சட்டம் வாசற்படியோடு நின்றுவிட்டது!

கண்டி மாநகரைக் காண வருவோர் வாவியைக் காண்கிறார்கள், மாளிகையைக் காண்கிறார்கள், மலைச்சரிவில் அடுக்கடுக்காய் ஏறி நிற்கும் வீடுகளைக் கண்டு வியந்து படமெடுத்துச் செல்கிறார்கள். அவ்வீடுகளுக்கு ஏறும் படிகளை எண்ணிப் பார்த்தவர் யார்? எண்ணியவர்கள் இருக்கவே செய்கிறார்கள். இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள், நீரிழிவுக்குக் காலைப் பறிகொடுத்தவர்கள், வாத நோயால் ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் தங்கள் வீட்டுப் படிகளின் தொகையைத் தவறின்றிச் சொல்வார்கள். ஒவ்வொரு படியிலும் அவர்கள் யாரோ ஒருவரின் முதுகில் சுமக்கப்படுகிறார்கள்.

நாம் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்வோம். கண்டிக்குத் தெற்கே ஒரு தேயிலைத் தோட்டம். அங்குள்ள தொழிலாளி ஒருவர் கூலிக்குக் கராம்பு பறிக்க மரமேறி விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. பல மாதம் ஆஸ்பத்திரியிற் கிடந்து உயிர் பிழைத்தார். சக்கர நாற்காலியில் உட்காரவும், அதனைத் தம் கையால் உருட்டவும் அங்கே கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் ஒரு பொதுக் கூட்டத்தில் மாலையிட்டு, மேடையேற்றி, அவருக்கொரு சக்கர நாற்காலி வழங்கினார்கள். படமும் எடுத்தார்கள். மேடையிலிருந்து அவரை லயத்துக்குத் தூக்கிச் சென்றவர்கள் அவருடைய மனைவியும் தம்பியுமே. லயத்தின் விறாந்தைக்கும் பாதைக்கும் இடையே பதினொரு கற்படிகள். மலசலகூடமோ லயத்துக்குக் கீழே, வழுக்கும் மண்பாதையில் இருக்கிறது. இன்று அந்த நாற்காலியின் மேல் விறகு அடுக்கப்பட்டிருக்கிறது.

அவர் தானமா கேட்டார்? ஒரு சாய்தளம், இரண்டு கைபிடிக் குழாய்கள், விறாந்தையோரம் ஒரு கொமட் மலசலகூடம், இவ்வளவுதான் கேட்டார். மனுவை நாமே எழுதிக் கொடுத்தோம். உள்ளூராட்சிச் சபை, நிலம் தோட்டத்துக்குரியது என்றது. தோட்ட நிர்வாகம், சட்டம் மாறிவிட்டது, சபையிடம் போ என்றது. மூன்றாவதாக ஒரு காரியாலயம் பெயரைப் பதிந்துகொண்டு காத்திருக்கச் சொன்னது. காத்திருக்கிறார். ஓடிப்போக அவருக்குக் கால்கள் இல்லையென்பது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

இந்நாட்டிற் சட்டம் இல்லையா? இருக்கிறது, படிக்கப் படிக்க இனிக்கும் சட்டம். அங்கவீனர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. பொதுக் கட்டிடங்களுக்குச் சாய்தளம் வேண்டும், அகன்ற கதவு வேண்டும், ஏற்ற மலசலகூடம் வேண்டும் என்று அவை விதித்தன. அப்போதும் கட்டிடங்கள் பழையபடியே எழுந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றின் கதவைத் தட்டினார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி, புதிய பொதுக் கட்டிடங்கள் யாவும் அவ்விதிகளுக்கு அமையவே எழவேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு தனி மனிதரின் விடாமுயற்சிக்குக் கிடைத்த அவ்வெற்றியை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். 2016 பெப்ரவரியில் அங்கவீனர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்துக்கும் இலங்கை ஏற்புறுதி அளித்தது. போதிய வீட்டுவசதியும், சமூகத்தோடு சேர்ந்து சுதந்திரமாக வாழ்தலும் உரிமையென அச்சமவாயம் சொல்கிறது.

ஆயினும், இவற்றையெல்லாம் வரி வரியாகப் படித்த பின் நாம் கேட்பது ஒன்றே. கச்சேரிக்குச் சாய்தளம் போட்டீர்கள், வங்கிக்குப் போட்டீர்கள், நல்லது. அந்தச் சாய்தளம் வரை அங்கவீனன் எப்படி வந்து சேர்வான்? அவனுடைய சொந்த வீட்டு வாசலைப் பற்றி அவ்விதிகள் மூச்சு விடவில்லை. சட்டம் பொதுக் கட்டிடத்தின் படியோடு நின்றுவிட்டது. அவன் தன் வீட்டுப் படியிலேயே நிற்கிறான், அல்ல, கிடக்கிறான்.

இங்கே ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். நமது பாராளுமன்றம் 1996இல் அச்சட்டத்தை இயற்றியது. அதே 1996இல் இங்கிலாந்தின் பாராளுமன்றமும் வீட்டு மானியங்கள் பற்றி ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி அங்கவீனர் ஒருவர் தம் வீட்டுக்குள் நுழையவோ, படுக்கையறைக்குப் போகவோ, குளிக்கவோ, மலசலகூடத்தைப் பயன்படுத்தவோ வீட்டைத் திருத்த வேண்டியிருந்தால், உள்ளூர்ச் சபையிடம் மானியம் கேட்கலாம். திருத்தம் அவசியமானது, தகுந்தது, நியாயமாகச் செய்யக் கூடியது என்று கண்டால் சபை அதனை அங்கீகரித்தே ஆகவேண்டும். விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் முடிவைச் சொல்லியே தீரவேண்டும். உயர்ந்த வரம்பு இங்கிலாந்தில் 30,000 பவுண், வேல்ஸில் 36,000 பவுண். சொந்த வீட்டாருக்கு மட்டுமல்ல, வாடகைக்கு இருப்போருக்கும் உண்டு. வருமானப் பரிசோதனை உண்டு, தாமதங்களும் உண்டு, குறை கூறுவோரும் உண்டு. லண்டனில் வாழும் எம்மவர் சிலர் தம் வயோதிபப் பெற்றோருக்காக அச்சபைகளோடு மல்லுக்கட்டிய கதைகளைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் மல்லுக்கட்டுவதற்கு அவர்கள் கையில் ஓர் உரிமை இருக்கிறது! நம்மவன் கையில் இருப்பது மனுவின் பிரதி ஒன்றுதான்.

சட்டம் படித்தவர்கள் அறிவார்கள்: "கொடுக்கலாம்" என்பதற்கும் "கொடுத்தல் வேண்டும்" என்பதற்கும் இடையே ஒரு சமுத்திரம் இருக்கிறது. "கொடுக்கலாம்" என்ற சொல் இருக்கும் இடத்தில் அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அங்கத்தவரின் வீட்டு வாசலிற் காத்து நிற்க வேண்டும், தேர்தற் காலத்துக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்நாட்டிலும் உதவி அறவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. அங்கவீனருக்கான தேசியச் செயலகம் பிரதேச செயலகங்கள் ஊடாக வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் உதவி வழங்குவதுண்டு. மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. ஆனால் நிதி ஒதுக்கீடு உள்ளவரைதான் உதவி. ஒதுக்கீடு தீர்ந்தால் பெயர் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்குப் போகும். அதற்கடுத்த ஆண்டு? கேட்பதற்கு ஒரு நீதிமன்றப் படியும் கிடையாது. இதற்குப் பெயர் உரிமையா, பிச்சையா?

சபைகளுக்கு இதில் அதிகாரமில்லை என்று சிலர் வாதிடுவார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தை அவர்கள் மீண்டும் ஒருமுறை புரட்டட்டும். அதன் 19ஆம் பிரிவில் ஏழைகளுக்கு நிவாரணமும் கிராமிய வீடமைப்பும் சபையின் அதிகாரங்களுள் எண்ணப்பட்டுள்ளன. ஒருவருக்கு மட்டும் விசேட சலுகை கொடுத்தால் சமத்துவம் குலையுமே என்று கண்ணீர் வடிப்போருக்கு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் 4ஆம் பந்தி பதில் சொல்லும்: பெண்கள், பிள்ளைகள், அங்கவீனர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சட்டத்தாலோ, துணைச் சட்டத்தாலோ, நிருவாக நடவடிக்கையாலோ விசேட ஏற்பாடு செய்வதை அது தடை செய்யவில்லை. சபையின் உபவிதியும் துணைச் சட்டமே. சபையின் தீர்மானமும் நிருவாக நடவடிக்கையே. கைகளைக் கட்டிய கயிறு எங்கே இருக்கிறது? காட்டட்டும்.

சமூக சேவையும் புனர்வாழ்வும் மாகாணத்துக்குரிய விடயம், மாகாண சபை பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு தட்டிக்கழிப்பு. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. தேர்தலின்றி ஆளுநரின் கீழ் ஆண்டுகள் உருண்டன. இல்லாத சபையின் மேல் பொறுப்பை ஏற்றி வைப்பது நல்ல தந்திரம்தான். உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சில் காலாவதியாகி, ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன. 2025 மே 6ஆம் திகதி வாக்களித்துப் புதிய சபைகளை அமைத்தோம். முன்னைய சபைகள் செய்யவில்லை என்ற சாக்கு இவர்களுக்கு எத்தனை வரவு செலவுத் திட்டத்துக்குச் செல்லும்?

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஹந்தானையிலும் கலகாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் பன்விலையிலும் லயங்களில் வாழ்வோர் கதை தனிக்கதை. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள். உரிமையற்றோரில் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே அதனைத் திருப்பித் தந்தது. வாக்கு வந்தது. வாக்குப் பெற்ற சபையோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்ட எல்லையில் நின்றுகொண்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவு செய்ய வழி திறந்தது. வழி திறந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும், "நிலம் தோட்டத்துக்குரியது" என்ற பழைய பல்லவியையே எம் மனுவுக்குப் பதிலாகக் கேட்டோம்.

யாருடைய நிலம் அது? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களை அரசு கையேற்றது. 1992இல் கம்பனிகளிடம் போனது நிருவாகமும் குத்தகையும்தான், நிலத்தின் உரிமை அல்ல. கண்டி மாவட்டத்துத் தோட்டங்கள் பல இன்றும் ஜனவசம போன்ற அரச நிறுவனங்களின் கீழேயே உள்ளன. ஆக, அரசின் நிலத்தில் அரசின் பிரசைக்கு ஒரு சாய்தளம் போட அரசின் சபைக்கு அனுமதி இல்லையாம்! எந்த நியாய நூலில் இதைக் கண்டார்கள்? உறுதி இருந்தால்தான் உதவி என்ற நிபந்தனை வைக்கப்பட்டால், லயத்தில் ஒருவருக்கும் அது கிட்டாது. உறுதி இல்லாமை தொழிலாளியின் குற்றமல்ல. கொடுக்காதவர்கள் அதனைக் காட்டி மறுப்பது, கொலையுண்டவன் பிள்ளைக்குத் தகப்பன் இல்லையென்று கொலைகாரனே பள்ளிக்கூடம் மறுப்பது போன்றது.

நகரத்துக்குள்ளேயே மகியாவ இருக்கிறது. கண்டி வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டித் துப்புரவு செய்த மக்களைச் சபை குடியமர்த்திய இடம் அது. ஒடுங்கிய ஒழுங்கைகளில், நெருங்கிய வீடுகளில் முதியோரும் நோயாளரும் எப்படி நடமாடுகிறார்கள் என்று அறிய ஆணைக்குழு தேவையில்லை. ஒரு நாட் காலையில் அங்கத்தவர்கள் நடந்து பார்த்தாற் போதும். 1865இல் தோன்றிய மாநகர சபை, தன் தொழிலாளருக்கே முதலிற் செய்து காட்டட்டும்.

பணமில்லை என்பார்கள். கேட்பது மாளிகையல்ல. பலருக்குச் சில மூடை சீமெந்து, சில அடி இரும்புக் குழாய், மேசனின் சில நாட் கூலி போதும். கதவை அகலப்படுத்துதலும், குந்தும் மலசலகூடத்தைக் கொமட்டாக மாற்றுதலும் சோலைவரி கட்டும் ஒரு நகரத்தைக் கவிழ்த்துவிடா. இதற்கு மாறாக, மூன்று வேளையும் ஒருவரைத் தூக்கி இறக்க வீட்டில் ஒருத்தி வேலையை விட்டு நிற்கிறாளே, அவளுடைய கூலி எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? நம் குடும்பங்கள் பெற்றோரைக் கைவிடமாட்டா, அரசு எதற்கு என்று பண்பாடு பேசும் பெரியவர்கள், அந்தப் பெண்ணின் முதுகு நோவை ஒரு நாள் விசாரித்து வரட்டும்.

உண்மையை மறைக்கவும் மாட்டோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. பாதையிலிருந்து பதினைந்தடி பள்ளத்தில் உள்ள வீட்டுக்கு 180 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கண்டி மலையில் அதற்கு எல்லா இடத்திலும் நிலமில்லை. அப்படிப்பட்ட வீட்டாருக்குப் பாதையோடு ஒட்டிய வேறு வீடு கொடுப்பதே வழி. புதிய வீட்டுத் திட்டங்களில் கீழ்த்தளமும் பாதையோர வீடும் யாருக்குப் போகின்றன என்று அப்போது கேட்க நேரும். கேட்போம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழை கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்து வீடுகளை விழுங்கியது. மீளக் கட்டப்படும் வீட்டின் கதவை ஆரம்பத்திலேயே ஒரு சாண் அகலமாக வைக்க அதிகம் செலவாகாது. பின்னர் இடித்துத் திருத்தவே செலவாகும். இதை நெல் விதைக்கும் கமக்காரனுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பொறியியலாளர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டிக்கருகே திகனவிற் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. முறிந்த மனிதனுக்கு மீண்டும் இயங்கக் கற்பிக்கும் அரும்பணி அதனுடையது. அத்தகைய இடத்திலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளுக்கு முன்பே அவர் வீட்டைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது எமது கோரிக்கையின் முதற்படி. மாநகர சபையும் அயலிலுள்ள பிரதேச சபைகளும் இதற்கென ஆண்டுதோறும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். உறுதி கேட்காமல், வசிப்பதற்கான கிராம உத்தியோகத்தர் சான்றையும் வைத்தியரின் சான்றையும் ஏற்க வேண்டும். விண்ணப்பம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் எழுத்தில் முடிவு தரவேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதப்பட்டால் அதனை நீதிமன்றுக்கு எடுத்துச் செல்ல எம் போன்ற சட்டத்தரணிகள் கட்டணமின்றி ஆயத்தமாயிருக்கிறோம்.

உத்தியோகத்தர்களே, கமக்காரர்களே, தோட்டத்துத் தோழர்களே! உங்கள் தெருவில், உங்கள் லயத்தில் இப்படி வாசற்படிக்குள் சிறைப்பட்டவர் யாரென்று இவ்வாரமே எண்ணுங்கள். படிகள் எத்தனை, மலசலகூடம் எத்தனை அடி தூரம், தூக்குபவர் யார் என்று எழுதி உங்கள் வட்டார அங்கத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். ஒரு பிரதியை எமக்கு அனுப்புங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும் நாளில் அம்மனுக்களை ஏந்திப் பார்வையாளர் பகுதியில் நாம் இருப்போம். முதல் மனு, பதினொரு படிகளுக்கு மேலே விறகு சுமக்கும் அந்த நாற்காலியின் சொந்தக்காரருடையது.