பகா எண்ணும் பகாப்பதமும்

என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணித நூலில், பகா எண்களைப் பற்றிய பாடம் ‘இட்லி-வடை’ விளையாட்டோடு தொடங்குகிறது. மாணவர்கள் வரிசையாக எண்ணுகையில் 3-இன் மடங்குக்கு ‘இட்லி’, 5-இன் மடங்குக்கு ‘வடை’, 15 போன்ற பொது மடங்குக்கு ‘இட்லி-வடை’ என்று சொல்ல வேண்டும். பெங்களூரில் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமையாது. எனினும், விளையாட்டு முடிந்து கலைச்சொல் நுழையும்போது பல வகுப்புகள் மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. சொல்லையும் திறந்து காட்டலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

ஆங்கிலத்தின் ‘பிரைம்’, ‘முதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இலங்கைப் பாடநூல்களின் ‘முதன்மை எண்’ அப்பொருளைத் தழுவியது. கன்னடத்தின் ‘அவிபாஜ்ய சங்க்யெ’யும் தமிழ்நாட்டின் ‘பகா எண்’ணும் பிரிக்க இயலாமையைச் சுட்டுகின்றன. ‘பகா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பதவியல் ‘பகுபதம்’, ‘பகாப்பதம்’ என வகுத்ததும் இதே வினையடியைக் கொண்டுதான். ‘படித்தான்’ என்பது படி + த் + த் + ஆன் எனப் பிரியும், ‘நீர்’ பிரியாது. 12 என்பது 2 × 2 × 3 எனப் பிரியும். 7 அவ்வாறு பிரியாது. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் அடுத்தடுத்த பாடவேளைகளில் ஒரே வினையடியைக் கற்பிக்கிறார்கள். மாணவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

சொற்பொருள் ஒன்றே போதும் என்பது என் வாதமன்று. 1-ஐயும் பகுக்க இயலாதே, அது ஏன் பகா எண் ஆகாது? பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும் என்பது வரையறை. 1-க்கு ஒரே காரணிதான். அந்த வரையறைக்கும் காரணம் உண்டு. 1-ஐப் பகா எண்ணாக ஏற்றால் 12-ஐ 1 × 2 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் முடிவின்றி எழுதலாம். ஒவ்வோர் எண்ணும் ஒரே வகையில்தான் பகாக் காரணிகளாகப் பிரியும் என்ற அடிப்படைத் தேற்றம் அப்போது நிலைக்காது.

இங்கே சொல்லின் எல்லை முடிந்து கணிதம் தொடங்குகிறது. ஆனால், ‘பகா’ என்பதன் பொருள் அறிந்த மாணவருக்கே இக்கேள்வி இயல்பாக எழும். பட்டியலை ஒப்பிக்கும் மாணவருக்கு, 1 விலக்கப்பட்டது மற்றுமொரு விதி மட்டுமே.

எந்த மொழியில் கற்பிப்பது என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறோம். கற்பிக்கும் மொழி எதுவாயினும், அதன் கலைச்சொற்களுக்குப் பொருள் சொல்லித் தருகிறோமா என்பதையும் அவ்வாதத்தில் சேர்க்க வேண்டும். அதற்குப் புதிய நூலோ நிதியோ தேவையில்லை. ஆசிரியர் பயிற்சியில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும்.