சராசரிக்குள் காணாமல் போகும் சேரி



நகராட்சி அலுவலகத்துக்குள் போய் ‘எங்க தெருவுக்குக் குடிதண்ணி வரலைங்க’ என்று சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், பதிவேட்டைப் பார்ப்பார். அதில் உங்கள் வார்டில் வேலை முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கும். ‘ரெக்கார்டுல முடிஞ்சிருக்கே’ என்பார். தண்ணீர் வராத தெருவில் இருப்பவள் பொய் சொல்கிறாள், பதிவேடு உண்மை சொல்கிறது. இதுதான் நமக்கும் நகர நிர்வாகத்துக்கும் நடக்கிற உரையாடல். இந்த இதழில் அந்தப் பதிவேட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் நகராட்சிகள். 2011 கணக்குப்படி விழுப்புரத்தில் 96,253 பேர், திண்டிவனத்தில் 72,796 பேர். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை 2027-க்குத் தள்ளிவிட்டார்கள். ஆக, இத்தனை வருஷமாக எந்த நகராட்சி ‘இத்தனை சதவீதம் வீட்டுக்கு இணைப்பு கொடுத்தோம்’ என்று சொன்னாலும், அந்தச் சதவீதத்தின் அடியில் கிடப்பது பழைய தலைக்கணக்கும் அதன்மேல் போட்ட மதிப்பீடும்தான். ஊருக்கு வெளியே புறம்போக்கில், ஏரிக்கரையில், ரயில்வே லைன் ஓரத்தில் வந்து குடியேறியவன் எந்தக் கணக்கில் இருக்கிறான்? இணைப்புக் கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலிலேயே அவன் பேர் இல்லாதபோது அவனுக்குக் கொடுக்காதது எப்படிக் குறையாகத் தெரியும்?

நகராட்சிகள் தங்கள் வேலையை எப்படி அளக்கின்றன என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2008-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 28 அளவுகோல்களை வகுத்தது. குடிநீருக்கு 9, கழிவுநீருக்கு 9, குப்பைக்கு 8, மழைநீர் வடிகாலுக்கு 2. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர், வீணாகும் தண்ணீர் 20 சதவீதத்துக்குள், கட்டண வசூல் 90 சதவீதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கு. பதின்மூன்றாவது நிதிக்குழு (2010-15) இதைப் பணத்தோடு முடிச்சுப் போட்டது. இந்த ஆண்டு எங்கே நிற்கிறோம், அடுத்த ஆண்டு எங்கே போவோம் என்று அரசிதழில் வெளியிட்டால்தான் செயல்பாட்டு மானியம். நகராட்சியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து தில்லிக்கு எண்கள் போகும், தில்லியிலிருந்து பணம் திரும்பும்.

அளப்பது தப்பு என்று நாம் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் இன்னும் மோசம். என்ன அளக்கிறான், யார் அளக்கிறார்கள், எந்த இடத்தில் நின்று அளக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நகரத்தில் 100 தெரு. ஊர்த்தெரு 80, காலனித்தெரு 20. எண்பதிலும் குழாய், இருபதில் ஒன்றிலும் இல்லை. அறிக்கையில் இது எப்படி வரும்? ‘80 சதவீதம்’ என்று வரும். நல்ல முன்னேற்றம் என்று மேலதிகாரி பாராட்டுவார். இன்னொரு நகரத்தில் நூறு தெருவிலும் கலந்து கலந்து எண்பது தெருவுக்குக் குழாய் வந்திருக்கிறது. அதுவும் 80 சதவீதம்தான். முதல் நகரத்தில் நடந்தது தீண்டாமை, இரண்டாவதில் நடந்தது தாமதம். இரண்டுக்கும் ஒரே மார்க் போடுகிற அளவுகோலை வைத்துக்கொண்டு சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. 135 லிட்டரும் அப்படித்தான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வெளியேறிய மொத்தத் தண்ணீரைத் தலைக்கணக்கால் வகுத்தால் வருவது அது. குழாயின் கடைசியில் இருப்பவளின் குடத்தில் எவ்வளவு விழுந்தது என்று வகுத்தல் சொல்லாது. குழாயின் கடைசியில் எப்போதும் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

மழைநீருக்கு இரண்டே அளவுகோல். வடிகால் எத்தனை சதவீதச் சாலைக்கு இருக்கிறது, வருஷத்தில் எத்தனை முறை தண்ணீர் தேங்கியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் மிதந்தன. அந்த மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தண்ணீர் வடிந்த வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா? முதலில் எந்தத் தெருவுக்கு மோட்டார் போனது, கடைசியில் எந்தத் தெருவுக்குப் போனது? தேங்கிய இடத்தின் எண்ணிக்கையைக் கேட்கிற படிவத்தில் தேங்கிய நாட்களின் எண்ணிக்கைக்குக் கட்டம் இல்லை. ஒரு நாள் தேங்கினாலும் ஒன்று, பத்து நாள் தேங்கினாலும் ஒன்று. பள்ளத்தில் குடிவைக்கப்பட்டவர்கள் யார் என்று கேட்கவும் கட்டம் இல்லை.

இப்போது கழிவுக்கு வருவோம். அந்த 28-இல் ஒன்றுகூட, இந்தச் சாக்கடையில் இறங்குவது யார் என்று கேட்கவில்லை. கழிவுநீர் எவ்வளவு சேகரமானது, எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது, எவ்வளவு மறுபடி பயன்பட்டது, கட்டணம் எவ்வளவு வசூலானது எல்லாம் உண்டு. மனிதன் மட்டும் இல்லை. 2016-இல் 73 நகரங்களோடு தொடங்கிய தேசிய தூய்மைக் கணக்கெடுப்பு நகரங்களை வரிசைப்படுத்தி மெடல் கொடுக்கிறது. பின்னால் கையுறை, காலணி, காப்பீடு என்று தொழிலாளிக்கும் சில மார்க் சேர்த்தார்கள். கையுறையைக் கொடுத்தால் மார்க். அந்த வேலையிலிருந்து அவனை விடுவித்தால் எத்தனை மார்க் என்று கேட்டுப் பாருங்கள்.

எண்கள் எப்படிப் பொய் சொல்கின்றன என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மனிதர்களால் மலம் அகற்றப்படும் வீட்டுக் கழிப்பறைகள் 27,659 என்று பதிவானது. அதன்பின் 2013-லும் 2018-லும் மலம் அள்ளுவோரைக் கணக்கெடுத்தார்கள். நாடு முழுக்க 58,098 பேர். தமிழ்நாட்டில் 398. இடையில் கொஞ்சம் கழிப்பறைகளை இடித்திருப்பார்கள், மாற்றிக் கட்டியிருப்பார்கள், சரி. அப்படியே எடுத்துக்கொண்டு வகுத்தால் ஒரு ஆள் தலைக்கு 69 கக்கூஸ். ஒன்று இந்த 398 பேரும் பூதங்களாக இருக்க வேண்டும், அல்லது மிச்சப் பேரை யாரோ விழுங்கியிருக்க வேண்டும். யார் விழுங்கியது? 2013 சட்டப்படி நகரத்தில் இந்தக் கணக்கை எடுக்க வேண்டியது நகராட்சி. அந்த வேலையைச் செய்ய வைப்பதும் பெரும்பாலும் நகராட்சி, இல்லாவிட்டால் நகராட்சியின் ஒப்பந்ததாரர். குற்றவாளியே கணக்கப்பிள்ளை. ‘எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்த 58,098 பேரில் சாதி விவரம் கிடைத்தவர்கள் 43,797 பேர், அவர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று அரசே 2021-இல் நாடாளுமன்றத்தில் சொன்னது. சாதியை எண்ணிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு இது போதும். எண்ணாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே.

செத்தவர்களின் கணக்கிலும் வார்த்தை விளையாட்டு. மலம் அள்ளும் வேலையால் யாரும் சாகவில்லை என்று அதே 2021-இல் அரசு சொன்னது. அப்படியானால் மலக்குழிக்குள் செத்தவர்கள்? அது ‘சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தபோது ஏற்பட்ட மரணம்’. தலைப்பை மாற்றிவிட்டால் முதல் தலைப்பின் கீழ் பூஜ்யம். அந்த இரண்டாவது தலைப்பில் நாட்டிலேயே அதிக மரணங்கள் பதிவானது தமிழ்நாட்டில்தான், 1993 முதல் 200-க்கும் மேல். உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒரு உயிருக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை ஏறியிருக்கிறது. நகராட்சிக் கணக்கில் இதையும் ‘முன்னேற்றம்’ என்று எழுதிக்கொள்வார்களோ என்னவோ.

தீர்மானம் வேறு, நடப்பு வேறு என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1923-இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்கள், கிணறுகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. இன்றைய ஆய்வுக் கூட்டமாக இருந்தால் அந்த வரிக்கு நேரே ‘பணி முடிவுற்றது’ என்று எழுதியிருப்பார்கள். மூன்று வருஷம் ஒரு மகரும் அதில் இறங்கித் தண்ணீர் குடிக்கவில்லை, குடிக்க விடவில்லை. 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் மக்களோடு நடந்து போய்க் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நகராட்சியின் தீர்மானத்தை அவர்தான் சோதித்துப் பார்த்தார். சோதனையின் முடிவு, சாதி இந்துக்களின் தடியடி. அந்த ஆகஸ்டிலேயே நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. வழக்கு 1937 வரை நடந்து நம் பக்கம் தீர்ந்தது.

நம் பக்கத்திலும் இதே காலம்தான். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்பேரில், பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று 2660 எண்ணுள்ள அரசாணை அந்த செப்டம்பரில் வந்தது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. அந்த ஆணை எந்தெந்தத் தெருவில் நடைமுறைக்கு வந்தது, எதில் வரவில்லை என்று ஒரு நகராட்சியாவது ஒரு பட்டியல் வைத்திருக்கிறதா? வீட்டுவரி பாக்கிக்கு வீடு வீடாகப் பட்டியல் வைத்திருக்கிறவர்கள் இவர்கள்.

நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நகராட்சியின் படிவங்களும் அந்த நம்பிக்கையில்தான் அச்சாகியிருக்கின்றன, தெருவுக்கு எண் உண்டு சாதி கிடையாது என்பது போல. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்துக்குள் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அது குக்கிராமத்தில் நடந்ததல்ல. திண்டிவனத்துக்கும் வெகுதூரம் போக வேண்டாம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில், திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் தலித் இளநிலை உதவியாளர் ஒருவர் பெண் கவுன்சிலரின் காலில் விழும் காட்சி வெளியே வந்தது. மிரட்டி விழ வைத்தார்கள் என்பது புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. வழக்கு வழக்குமன்றத்தில் நடக்கட்டும். நமக்குத் தோன்றுவது ஒன்று. முன்னேற்ற அறிக்கையைத் தயாரிக்கிற அலுவலகம் அது. அந்த அறைக்குள் நடந்ததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? கோப்பைத் தேடுகிற, புள்ளிவிவரத்தை எழுதுகிற நம் பிள்ளையின் நிலைமையே இது என்றால், அவன் எங்கள் காலனிக்குத் தண்ணீர் வரவில்லை என்று உள்ளபடி எழுதிவிட முடியுமா?

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சிறப்புக் கூறுகள் திட்டம் 1979-80-லேயே வந்தது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கு நிதி ஒதுக்கு என்பதே அதன் உயிர். என்ன நடந்தது? எல்லாருக்கும் போடுகிற சாலையில் நமக்கும் ஒரு விகிதம் என்று பிரித்து எழுதிக்கொண்டார்கள். தில்லி நகர அரசு இன்னும் ஒரு படி மேலே போய், நம் பணத்தில் 700 கோடிக்கு மேல் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பிவிட்டது. அதே ஆண்டு உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் இந்த நிதிக்கென்று தனிச் சட்டம் 2024-இல்தான் நிறைவேறியது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் விழுப்புரம் நகராட்சியில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று நம் கைக்குக் கணக்கு வராதவரை அது கோட்டையில் இருக்கிற சட்டம்தான்.

இருளர் நிலைமை இதைவிடக் கீழே. திண்டிவனம் சுற்றுப்புறத்தில் பழங்குடிச் சான்றிதழுக்காகவே ஆண்டுக்கணக்கில் நடந்தவர்கள் உண்டு. சான்றிதழ் இல்லாதவன் பழங்குடியே இல்லை, பழங்குடி இல்லாத ஊரில் பழங்குடித் திட்டம் பாக்கியும் இல்லை. சுலபமாகக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இனி நாம் செய்ய வேண்டிய வேலை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் போனது. மன்றம் வந்த அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபை என்று ஒன்றைக் கூட்டிக் காட்டினார்கள். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர் எல்லாரும் உட்கார்ந்து கேள்வி கேட்கிற இடம். கிராம சபையில் நம் சனங்கள் எப்படி ஓரத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்பது தெரிந்ததுதான். அதற்காக அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடியாது. எங்கள் பகுதிக்கு சபை கூடியதா, கூடிய தேதி என்ன, கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது, 2013 சட்டத்தின் 24-ஆம் பிரிவு. மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு, கோட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், அந்த வேலையில் தள்ளப்பட்ட சமூகங்களிலிருந்து பெண்கள் உட்பட உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது. விழுப்புரமும் கோட்டம், திண்டிவனமும் கோட்டம். இரண்டு குழுக்களிலும் உறுப்பினர் யார், கடைசியாகக் கூடியது எப்போது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். பதில் வந்தாலும் ஆவணம், வராவிட்டாலும் ஆவணம்.

மூன்றாவதுதான் பெரிய வேலை, மாணவத் தோழர்களுக்கானது. விடுமுறையில் இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒரு வார்டில் காலனித்தெருவையும் அதை ஒட்டிய ஊர்த்தெருவையும் சேர்த்தே எடுங்கள், ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. குழாய் எத்தனை, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம், குப்பை வண்டி வருகிறதா, தெருவிளக்கு எத்தனை எரிகிறது, மழைத்தண்ணீர் எத்தனை நாள் நின்றது, கழிவுத்தொட்டி எடுக்க யார் வந்தார்கள், என்ன கூலி, யார் கொடுத்தது. தூய்மைப் பணியாளர்களிடம் பேசும்போது பேர் எழுத வேண்டாம். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், மறுநாள் வேலை போய்விடும். எழுதியதை அந்தத் தெருவிலேயே வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள். தப்பு இருந்தால் அவர்கள் திருத்துவார்கள்.

எண்களை எங்களுக்கு அனுப்புங்கள். நகராட்சியின் எண் இடப்பக்கம், தெருவின் எண் வலப்பக்கம் என்று வார்டு வாரியாக அச்சிடுவோம். முதலில் வருகிற வார்டு முதலில்.