தோற்றது யார்?

சொந்த நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற இசைத்தட்டுகளை வரிசையாகக் கொடுத்த இரண்டு பெண்கள், அமெரிக்க டி.வி.யில் ஐந்து வாரத்தோடு மூட்டை கட்டினார்கள். இவர்களைத் 'தோற்றவர்கள்' என்பீர்களா? பாப் சரித்திரம் எழுதுகிற பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். என் சண்டையே அவர்களோடுதான்.

பிங்க் லேடி என்ற ஜோடியைச் சொல்கிறேன். மீ, கேய் என்று இரண்டு பேர். 1976-ல் அறிமுகம். பளபளா உடை, ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆட்டம். ஜப்பானியக் குழந்தைகளுக்கு அந்த ஸ்டெப்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். 'யு.எஃப்.ஓ.' பாட்டுக்கு 1978-ன் ஜப்பான் ரெக்கார்ட் விருதும் கிடைத்தது.

அப்புறம் அமெரிக்க ஆசை. 1979-ல் 'கிஸ் இன் த டார்க்' என்று முழுக்க ஆங்கிலத்தில் ஒரு டிஸ்கோ பாட்டு. பில்போர்ட் பட்டியலில் 37-வது இடம். சாதாரணமில்லை சார்! அதற்கு முன் 16 வருஷமாக எந்த ஜப்பானியரும் அங்கே முதல் நாற்பதுக்குள் நுழைந்ததில்லை.

அதோடு விட்டார்களா? 1980-ல் என்.பி.சி. டி.வி.யில் ஒரு காமெடி ஷோ. இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அர்த்தம் புரியாமல் உச்சரிப்பை மட்டும் மனப்பாடம் செய்து வசனம் பேச வைத்தார்கள். ஆங்கிலம் வராததையே ஜோக்காக்கினார்கள். கடைசியில் நீச்சல் உடையில் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஐந்தாவது வாரம் கடையை மூடிவிட்டார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு சரக்கை ஏற்றுமதி செய்யும்போது அதன் வாசனையை எடுத்துவிட்டு அனுப்பினால் யார் வாங்குவார்கள்? பிங்க் லேடியின் பலம் அவர்கள் ஆட்டமும் அவர்கள் மொழியும். இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு, 'இவர்களுக்கு இங்கிலீஷ் போதவில்லை' என்பது என்ன நியாயம்?

இதே அமெரிக்காவில் 1963-ல் கியூ சகாமோட்டோ பாடிய ஒரு ஜப்பானியப் பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரு வரி ஆங்கிலம் கிடையாது. சோகப் பாட்டு அது. 'சுகியாக்கி' என்று மாட்டிறைச்சிக் குழம்பின் பெயரை அதற்கு வைத்த கூத்தையும் மீறி ஜெயித்தது.

'அது அதிர்ஷ்டம், அவரது அடுத்த பாட்டு அவ்வளவு உயரம் போகவில்லையே' என்பீர்கள். வாஸ்தவம்தான். தாய்மொழியில் பாடினால் ஜெயிப்பு நிச்சயம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால், லாபம் வராவிட்டாலும் முதல் மிஞ்சும். பிங்க் லேடிக்கு முதலும் கரைந்தது. ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்த உள்ளூர் மார்க்கெட்டை, இவர்கள் அமெரிக்காவில் வசனம் உருப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் யார் கவனிப்பது? 1981 மார்ச் 31-ல் டோக்கியோவில் கடைசிக் கச்சேரி. ஜோடி கலைந்தது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. பிற்பாடு மீண்டும் மீண்டும் ஒன்றுசேர்ந்து மேடையேறினார்கள். 2010-ல், பிரிந்ததையே ரத்து செய்வதாக அறிவித்தார்கள். அவர்களைக் கேட்க வந்தவர்கள், சின்ன வயதில் அந்த ஸ்டெப்களைப் போட்டு ஆடிய தலைமுறை. கேட்க விரும்பியது, அதே ஜப்பானியப் பாட்டுகள்.

இப்போது சொல்லுங்கள். தோற்றது அந்தப் பெண்களா, அவர்களை விற்கத் தெரியாத வியாபாரிகளா?